ஒரு முகத்துக்கு மட்டும் கூட்டி வைத்த பிளர்

மக்களே, உங்கள் அம்மாவின் தம்பியான மாமாவைப் பற்றி ஒரு பேச்சு உங்கள் காதுக்கு வந்திருக்கலாம். வராவிட்டால் இனி வரும். தென்காசி அப்படி ஒன்றும் பெரிய ஊர் இல்லை. காலையில் பண்பொழியில் பேசுவது சாயங்காலம் நம் வீடியோ கடை வாசலுக்கு வந்துவிடும். குற்றாலத்தில் குளிக்க வந்த ஒரு பெண்ணின் முகத்தை மாமா வேண்டுமென்றே வீடியோவில் மறைக்காமல் விட்டான் என்பதுதான் அந்தப் பேச்சு. நடந்தது என்னவென்று எனக்குத் தெரியும். ஏனென்றால் அவனை முதலில் சந்தேகித்தவனே நான்தான். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன், எழுத்து முன்னே பின்னே இருக்கும். ஆனால் நடந்ததை மாற்றாமல் எழுதுகிறேன்.

சாரல் விழ ஆரம்பித்தால் கல்யாண ஜோடிகள் எல்லாருக்கும் பின்னால் அருவி வேண்டும். மாமா கேமராவைத் தூக்கிக்கொண்டு ஐந்தருவிக்கும் மெயின் அருவிக்குமாக அலைவான். ஜோடிக்குப் பின்னால் அருவி மட்டுமா இருக்கும்? ஈரத்தலையோடு பெண்கள் நிற்பார்கள். துண்டை இடுப்பில் கட்டியவர்கள், எண்ணெய் வழியும் உடம்போடு போகிறவர்கள் என்று எல்லாரும் படத்தில் விழுவார்கள். அவர்கள் வந்தது தண்ணீருக்கு, நம் கேமராவுக்கு அல்ல. அதனால் நானும் மாமாவும் கடை திறந்த நாளிலிருந்து ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தோம். குளித்தவர் முகம் நம் கடையைத் தாண்டி வெளியே போகக் கூடாது. இதை எங்களிடம் யாரும் கேட்கவில்லை, நாங்களாக வைத்துக்கொண்டதுதான்.

மறைக்கிற முறையையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் வருவது புரியாது. எடுத்த படம் கீழே ஒரு வரிசையில் இருக்கும். அதே படத்தின் நகலை அதற்கு மேல் வரிசையில் வைப்போம். நகலில் முகம் இருக்கும் இடத்தை மட்டும் சின்னப் பெட்டியாக வெட்டி, மீதியை நீக்கிவிட்டு, அந்தப் பெட்டியைப் பிளர் போட்டு மங்கலாக்குவோம். கீழே இருக்கும் தெளிவான முகத்தின் மேல் மங்கலான பெட்டி மூடியது போல உட்கார்ந்துகொள்ளும். ஆள் நகர்ந்தால் பெட்டியையும் கூடவே நகர்த்த வேண்டும். முழுப் படத்துக்கும் பிளர் போட்டால் நம் பழைய கம்ப்யூட்டர் திணறி நின்றுவிடும். அதனால்தான் முதலில் வெட்டு, பிறகு பிளர் என்று ஒரு வழி பண்ணி வைத்திருந்தோம்.

இந்தப் பேச்சு கிளம்பிய வருஷம் வாசுதேவநல்லூர் மாப்பிள்ளை ஒருவருக்கு மாமா குற்றாலத்தில் வீடியோ எடுத்தான். மறைக்கிற வேலையையும் அவனேதான் செய்தான். நான் பாட்டைச் சேர்த்துக் கொடுத்தேன். பெண் வீட்டாருக்கு ரொம்பப் பிடித்துப்போய், எல்லாரும் போனில் ஸ்டேட்டஸ் வைத்துக்கொண்டார்கள்.

அதற்கப்புறம் ஒரு மத்தியானம் ஒரு பெண் கடைக்குள் வந்தாள். குடையை வாசலில் சாய்க்காமல் கையிலேயே வைத்திருந்தாள். பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. உங்களில் மூத்தவள் கைக்குழந்தையாக இருந்தபோது, மாமாவுக்குப் பெண் பார்க்க நாங்கள் பண்பொழிக்குப் போனோம். அந்த வீட்டுப் பெண்தான் இவள். பெண்ணின் அப்பா மாமாவிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். முகூர்த்தம் இல்லாத மாசத்தில் தம்பி என்ன செய்வீர்கள் என்று. பிறகு சரிப்படாது என்று ஆள் மூலம் சொல்லிவிட்டார்கள். அவளை இலத்தூரில் கட்டிக் கொடுத்தார்கள். அதன் பிறகு மாமா வேறு எந்த வீட்டுக்கும் பெண் பார்க்க வர ஒத்துக்கொள்ளவில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், நானும் அன்றைக்கு இதைத்தான் மனதில் வைத்திருந்தேன்.

அவள் போனை என் முன்னால் நீட்டினாள். நாங்கள் செய்த வீடியோதான். ஜோடி சிரிக்கிறது, பின்னால் அருவி, அதற்கு முன்னால் ஏழெட்டுப் பேர் நிற்கிறார்கள். எல்லாருக்கும் முகம் இருக்க வேண்டிய இடத்தில் மங்கல். கம்பி வேலி ஓரத்தில் ஈரத்தலையோடு நிற்கும் ஒருத்திக்கு மட்டும் முகம் தெரிகிறது. பனி மூடிய மாதிரி லேசாக ஒரு படலம், அவ்வளவுதான். அது இவள்தான். பக்கவாட்டில் எதையோ பார்த்து வாய்விட்டுச் சிரிக்கிறாள்.

"அத்தன பேரு மூஞ்சியையும் மறைச்சிருக்கீங்க அண்ணாச்சி. என் மூஞ்சிய மட்டும் எதுக்கு விட்டீங்க?"

அவளே விஷயத்தைச் சொன்னாள். பல்வலி என்று மாமியாரிடம் சொல்லிவிட்டுத் தென்காசிக்கு வந்திருக்கிறாள். வலி உண்மைதான், டாக்டரும் பார்த்து மருந்து கொடுத்திருக்கிறார். வெளியே வந்தால் எதிரில் குற்றாலம் பஸ் நிற்கிறது, சாரல் அடிக்கிறது. ஏறிவிட்டாள். குளித்துவிட்டு, தலையை உலர்த்திக்கொண்டு, வழக்கமான பஸ்ஸில் ஊருக்குப் போய்விட்டாள். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் தனியாகப் போக விடமாட்டார்கள், அதனால்தான் சொல்லவில்லை. அந்த மாப்பிள்ளை இவள் புருஷனுக்குத் தூரத்துச் சொந்தமாம். வீடியோ சுற்றிச் சுற்றி இலத்தூருக்கே வந்துவிட்டது.

"எங்க அத்த என்ன கேட்டாவ தெரியுமா? பல்லு வலின்னு போனவ, அத்தன பல்லும் தெரிய யாரப் பாத்துச் சிரிக்கான்னு கேக்காவ."

கேள்வி அதுதான். அவள் பார்க்கிற பக்கம் வீடியோவில் இல்லை, படத்தின் ஓரம் அங்கே வந்துவிடுகிறது. அவள் பார்த்தது குரங்கையாம். கையில் வைத்திருந்த பஜ்ஜிப் பொட்டலத்தை ஒரு குரங்கு பிடுங்கிக்கொண்டு போனதாம். வீட்டில் அதைச் சொன்னால் யாரும் நம்பவில்லை. புருஷன் இரண்டு நாளாகப் பேசவில்லை. நாளைக்கு இங்கே வந்து முழு வீடியோவையும் பார்க்கப்போவதாகச் சொல்லியிருக்கிறான். அதில் குரங்கு இருந்தால் அவள் புருஷன் வீட்டில் இருப்பாள், இல்லாவிட்டால் பண்பொழிக்குப் போக வேண்டியதுதான். இதை அழாமல்தான் சொன்னாள். உண்மையைச் சொன்னால், அந்த நிமிஷம் எனக்கும் அந்தக் குரங்கின் மேல் அவ்வளவு நம்பிக்கை வரவில்லை.

போகும்போது வாசலில் நின்று கேட்டாள்.

"கேமரா பிடிச்சது உங்க மச்சினன்தான?"

பதிலுக்கு நிற்காமல் குடையை விரித்துப் போய்விட்டாள்.

மாமா அன்றைக்கு ஒரு வேலையாகச் செங்கோட்டைக்குப் போயிருந்தான். நான் கம்ப்யூட்டரைத் திறந்து அந்த வேலையை எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு பெட்டியாகத் தொட்டுப் பிளர் அளவைப் பார்த்துக்கொண்டே வந்தேன். எல்லாவற்றுக்கும் ஒரே அளவு. அவள் பெட்டிக்கு மட்டும் வேறு. குறைவாக இருக்கும் என்றுதான் நினைத்தேன். இல்லை, மற்றவற்றைவிடப் பல மடங்கு கூடுதல்.

இது எப்படி? அளவு கூடினால் கூடுதலாக மறைய வேண்டும். வெளியே போன வீடியோவில் முகம் தெரிகிறது, கம்ப்யூட்டரில் அளவோ எக்கச்சக்கமாக இருக்கிறது. எனக்கு ஒன்றுதான் தோன்றியது. கொடுக்கும்போது பிளர் இல்லாமல் கொடுத்திருக்கிறான். பேச்சு கிளம்பியதும் யாருக்கும் தெரியாமல் வந்து கூட்டி வைத்திருக்கிறான், நாளைக்கு யாராவது கேட்டால் காட்டுவதற்கு. தடயத்தை அழிக்கிறவன் பதற்றத்தில் கொஞ்சம் அதிகமாகவே துடைத்துவிடுவான் இல்லையா, அப்படி. இப்படி நினைக்க நினைக்க எல்லாம் பொருந்திக்கொண்டே வந்தது. அந்த வீடியோவைச் செய்த அன்றைக்கு அவன் சாப்பிடாமல் வந்தது, மறைக்கிற வேலையை நானே செய்கிறேன் என்று வாங்கிக்கொண்டது, என்னைப் பாட்டுப் பக்கம் அனுப்பியது. தோண்டத் தோண்டக் கிடைத்துக்கொண்டே இருந்தது.

சாயங்காலம் அவன் வந்ததும் கேட்டேன். அந்தப் பிள்ளையை வீடியோவில் பார்த்தாயா என்றேன். எந்தப் பிள்ளை என்றான். தெரியாத மாதிரிக் கேட்காதே என்றேன். கொஞ்ச நேரம் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"பாத்தேன்."

"அவ மூஞ்சி வெளிய தெரியுது. ஊரே பாக்குது."

"தெரியாது அத்தான். எவ்வளவு கூட்டி வச்சிருக்கேன்னு நீங்களே பாருங்க."

"இப்ப கூடத்தான் இருக்கு. குடுக்கும்போது எவ்வளவுல இருந்துச்சு?"

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். லென்ஸுக்கு மூடியைப் போட்டுப் பைக்குள் வைத்தான். கடைச் சாவியை மேஜை மேல் வைத்துவிட்டுப் போய்விட்டான். அவன் அப்படிப் போனதையும் நான் என் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டேன். சாவியை வைத்தவன் குற்றவாளியாகத்தானே இருப்பான் என்று.

மறுநாள் காலையில் உங்கள் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தேங்காய் துருவிக்கொண்டே கேட்டாள். தம்பிக்காக அவள் சண்டைக்கு வருவாள் என்று நினைத்தேன். வரவில்லை.

"அவன் சொன்னது பொய்யின்னா, இப்ப கம்ப்யூட்டர்ல இருக்கத இன்னொரு தரம் அப்படியே எடுத்துப் பாருங்க. மூஞ்சி மறைஞ்சிருந்தா அவன் மாத்தினது நெசம். அதுக்குப் பெறகு எங்கிட்ட வந்து சொல்லுங்க."

அவ்வளவுதான் சொன்னாள். எனக்கு அது ஏன் முதல் நாளே தோன்றவில்லை என்று இன்றைக்கும் தெரியவில்லை. ஒருவேளை தோன்ற வேண்டாம் என்று இருந்தேனோ என்னவோ.

கடைக்குப் போய் அந்தக் காட்சியை மட்டும் அப்படியே மறுபடியும் வீடியோவாக எடுத்தேன். எதையும் தொடவில்லை. எடுத்ததைப் போனில் ஏற்றிப் பார்த்தேன். முகம் தெரிந்தது. பனிப்படலம் மாதிரி ஒன்று, அதற்குப் பின்னால் அதே சிரிப்பு. அவள் கொண்டுவந்து காட்டியது எப்படி இருந்ததோ அப்படியே.

அப்படியானால் மாமா எதையும் மாற்றவில்லை. ஆனாலும் சந்தேகம் முழுதாகப் போகவில்லை. அவ்வளவு பிளர் இருந்தும் முகம் எப்படித் தெரியும்? இன்னும் கூட்டிப் பார்த்தேன். இன்னும் நன்றாகத் தெரிந்தது. மேலும் கூட்டினேன், மங்கலே இல்லாத மாதிரி ஆகிவிட்டது. பிறகு அளவைக் குறைத்துக்கொண்டே வந்தேன். மற்றவர்களுக்கு வைத்த அளவுக்கு வந்ததும் முகம் மறைந்தது.

கீழ் வரிசைப் படத்தை அணைத்துவிட்டுப் பெட்டியை மட்டும் தனியாகப் பார்த்தபோதுதான் விளங்கியது. அளவைக் கூட்டியதும் அந்தச் சின்னப் பெட்டி புகை மாதிரி நாலு பக்கமும் பரந்து போகிறது. உங்கள் அம்மா தோசை சுடும்போது ஒரு கரண்டி மாவைப் பெரிதாகத் தேய்த்தால் நடுவில் கல் தெரியும் இல்லையா, அதே கதைதான். மாவு அதே ஒரு கரண்டிதான், பரப்பப் பரப்ப மெலிகிறது. மெலிந்த பெட்டி வழியாகக் கீழே இருக்கும் தெளிவான முகம் எட்டிப் பார்க்கிறது.

முன்னால் ஒரு கல்யாண வீடியோவின் தொடக்கத்தில் முழுப் படத்துக்கும் பிளர் போட்டதில் ஓரமெல்லாம் கறுப்பு ஏறி, என்ன அண்ணாச்சி, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் மாதிரி இருக்கு என்று மாப்பிள்ளை வீட்டார் கோபித்துக்கொண்டார்கள். அன்றைக்குப் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி ஓரத்தைத் திரைக்கு வெளியே தள்ளிச் சமாளித்துவிட்டோம், காரணத்தைத் தேடவில்லை. இதுவும் அதே காரணம்தான். பிளர் போட்டால் ஓரம் மெலியும். மெலிந்த இடத்தில் கீழே என்ன இருக்கிறதோ அது வரும். அன்றைக்குக் கீழே கறுப்பு இருந்தது, இன்றைக்கு ஒரு பெண்ணின் முகம்.

வழி என்னவென்றால் வரிசையை மாற்ற வேண்டும். முதலில் முழுப் படத்தையும் மங்கலாக்கிவிட்டு, மங்கின படத்திலிருந்து பெட்டியை வெட்ட வேண்டும். அப்போது வெட்டிய ஓரம் மெலியாது. கம்ப்யூட்டர் திணறத்தான் செய்யும், திணறட்டும். நீங்கள் போனில் வீடியோ செய்யும்போதும் இதை மறக்காதீர்கள். வீடியோவை வெளியே அனுப்புவதற்கு முன்னால் பெரிதாக ஓட விட்டுப் பாருங்கள். கடையில் நாங்கள் பார்த்தது திரை மூலையில் இருக்கும் சின்னச் சதுரத்தில். அதில் எல்லாமே மங்கலாகத்தான் தெரியும்.

மாமாவைப் போனில் கூப்பிட்டேன். வந்தான். நான் அளவைக் கூட்டிக் காட்டினேன், குறைத்துக் காட்டினேன். அவன் என் கையிலிருந்து மௌஸை வாங்கி, தானே கூட்டிப் பார்த்தான்.

"அப்ப நான் கூட்டினதாலதான் தெரிஞ்சுதா?"

"ஆமா."

நாற்காலி இருந்தும் தரையில் உட்கார்ந்துவிட்டான். மற்ற முகங்களை யாரென்று பார்க்காமல்தான் மறைத்தானாம். இந்த முகத்தில் பெட்டியைக் கொண்டுபோய் வைக்கும்போதுதான் அவள் என்று தெரிந்திருக்கிறது. யார் கண்ணிலும் பட்டுவிடக் கூடாது என்று, அவளுக்கு மட்டும் பல மடங்கு கூட்டி வைத்திருக்கிறான்.

"இத அவட்ட சொல்லிராதீங்க அத்தான். அந்த ஆளுட்டயும் சொல்லிராதீங்க. அவளுக்கு மட்டும் ஏன் கூட்டி வச்சான்னு அதுக்கு வேற ஒரு கேள்வி வரும்."

அவன் சொன்னது சரி. அவனைக் காப்பாற்றுகிற உண்மை அவளை மாட்டிவிடும். அவர்கள் வருவதற்கு முன்னால் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். மாமாவைப் பற்றி ஊரில் அந்தப் பேச்சு நிலைத்துவிட்டதற்கு இதுதான் காரணம். பதில் சொல்ல எங்களிடம் வார்த்தை இருந்தது, சொல்ல வழி இல்லை.

வருகிறவர்களுக்குக் காட்ட முழுப் படத்தையும் அப்படியே ஓட விட முடியாது, சுற்றி நின்ற மற்றவர்கள் முகமும் அதில் இருக்கிறது. அசல் படத்தில் அவள் பக்கம் கேமரா திரும்புகிற இடத்தைத் தேடினேன். குரங்கு இருந்தது. அது வருகிற இடத்திலிருந்து மட்டும் எடுத்து, புது முறையில் மற்ற முகங்களை மறைத்து, அவளை மட்டும் தெளிவாக விட்டேன். அதற்கு முன்னாலும் படம் நீளமாக இருந்தது. நேரம் போதவில்லை, அதைத் தொடவில்லை.

மத்தியானத்துக்கு மேல் அவளும் புருஷனும் வந்தார்கள். அவன் சட்டைக் கையை மடித்து விடாத, மரியாதையான ஆள்தான். நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன், உட்காரவில்லை. அவள் கதவுப் பக்கமாக நின்றாள். நான் ஓட விட்டேன். அவள் பொட்டலத்தைப் பிரிக்கிறாள். வேலிக் கம்பி மேல் ஒரு குரங்கு வருகிறது, வெடுக்கென்று பிடுங்குகிறது. அவள் கையை உதறிக்கொண்டு திடுக்கிட்டுப் பின்னால் நகர்கிறாள். குரங்கு கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து பஜ்ஜியை ஊதி ஊதித் தின்கிறது. சூடு போலிருக்கிறது. அப்போதுதான் அவளுக்கு அந்தச் சிரிப்பு வருகிறது.

அவன் இன்னொரு தரம் போடச் சொன்னான். போட்டேன். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டான்.

"எல்லாருக்கும் ஒரே அளவுதான அண்ணாச்சி மறைச்சிருப்பீங்க? இவளுக்கு மட்டும் எப்படித் தெரியும்?"

கெட்டிக்காரன். தோசைக் கதையைச் சொன்னேன். தூரத்தில் நிற்கிறவருக்குப் பெட்டி சின்னது, சின்னப் பெட்டி சீக்கிரம் மெலிந்துவிடும் தம்பி, எங்கள் வேலைத் தப்புதான் என்றேன். அது பொய் இல்லை மக்களே. சின்னப் பெட்டி சீக்கிரம் மெலியும் என்பது உண்மை. ஆனால் அவன் கேட்டதற்கு அது பதில் இல்லை.

அவன் தலையை ஆட்டினான். திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். எல்லாம் முடிந்துவிட்டது என்று நான் நினைத்தபோது கேட்டான்.

"கொரங்கு வாரதுக்கு முன்ன?"

கதவுப் பக்கத்திலிருந்து அவள்தான் சொன்னாள். குரலை உயர்த்தவில்லை.

"அதுக்கு முன்ன நான் குளிச்சேன். அதையும் இந்த அண்ணாச்சிகூட உக்காந்து பாக்கணுமா?"

அவன் என்னைப் பார்க்கவில்லை, அவளையும் பார்க்கவில்லை. சரி வா என்றான். படியில் இறங்கும்போது, பல்லு இப்ப எப்படி இருக்கு என்று கேட்டது என் காதில் விழுந்தது. அதை அவன் அக்கறையாகக் கேட்டானா, இன்னும் சோதிக்கிறானா என்று என்னால் சொல்ல முடியவில்லை. அவள் என்ன பதில் சொன்னாள் என்பதும் கேட்கவில்லை. இருவரும் ஒரே குடையில்தான் போனார்கள். அவள் இலத்தூரில்தான் இருக்கிறாள்.

அவர்கள் போனதும் கதவைச் சாத்தினேன். மாப்பிள்ளை வீட்டாருக்குத் திருத்திய வீடியோவை அனுப்பி, பழையதை எடுத்துவிடச் சொன்னேன். பிறகு கம்ப்யூட்டர் முன்னால் தனியாக உட்கார்ந்தேன். திரையில் அசல் படம் குரங்கு வருகிற இடத்தில் நின்றுகொண்டிருந்தது. வரிசையில் அதற்கு இடது பக்கம், குரங்கு வருவதற்கு முன்னால் எடுத்தது, நான் பார்க்காத நீளம் நிறைய இருந்தது. எனக்கும் அந்தக் கேள்வி இருந்தது. அதற்கு முன்னால் யார் இருந்தார்கள், அவள் தனியாகத்தான் வந்தாளா, மாமா எவ்வளவு நேரம் அந்தப் பக்கம் கேமராவைத் திருப்பி வைத்திருந்தான். கை மௌஸின் மேல் இருந்தது, இடது பக்கம் கொஞ்சம் நகர்த்தவும் செய்தேன்.

பிறகு ஓட விடாமலே அந்தப் படத்தை அழித்தேன். உறுதியாகவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. ஆம் என்பதை அழுத்திவிட்டு, குப்பையில் போனதையும் திறந்து பார்க்காமல் காலி செய்தேன்.